மூவார் ஆற்றில் பன்னிரண்டு, கடலில் பதினாறு

அன்று மலேசியாவின் மூவார் ஆற்றில், அந்தப் புதுப் படகில் இருந்தவர்கள் நால்வர்: படகைக் கட்டிய ரோலண்ட், அதன் அடிப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து வடிவம் கொடுத்த மகள் ஷர்மைன், வாங்க வந்த மணியம், படகை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த ஃபாதர் பிரெட்ரிக். ஐந்தாவது ஆள் இல்லை.

பதினைந்து நாட், அதாவது மணிக்குப் பதினைந்து கடல் மைல், வேகம் வராவிட்டால் படகு வேண்டாம் என்று மணியம் முன்பே சொல்லிவிட்டார். வரும் என்று ரோலண்ட் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கடலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மகள் சொன்னதை அவர் கேட்கவில்லை. கடலுக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக நிற்கும் ஆற்றங்கரைதான் சரி என்று பிடிவாதமாக இருந்தார்.

கரை நிறையக் கூட்டம். ரோலண்ட் வேகத்தை முழுதாகக் கூட்டினார். படகின் மூக்கு மேலே தூக்கியது, பின்பக்கம் அமுங்கியது, சேற்று அலை எழும்பியது. வேகம் பன்னிரண்டிலேயே நின்றது.

"என்ன ரோலண்ட், மோட்டார்சைக்கிள்ல போயிருக்கலாம் லா," என்றார் மணியம்.

ரோலண்டுக்குக் காது சுட்டது. அவர் கட்டிய படகு ஒன்றுகூட இதுவரை வேண்டாம் என்று பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை.

ஷர்மைனோ சிரித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்த தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கப்பா. ஆழம் நாலு மீட்டர்னா பன்னெண்டு புள்ளி ஒண்ணு. போன மாசமே போட்ட கணக்கு. படகு கெளப்புற அலை இந்தக் கொறஞ்ச ஆழத்துல அதையே புடிச்சு இழுக்கும். இதத்தான் கடலுக்குப் போலாம்னு சொன்னேன்."

"கடலுக்கு என்ன போட்டிருக்கே?"

"பதினாறு புள்ளி மூணு."

"ஃபாதர், நீங்க எறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார் ரோலண்ட், படகைக் கடல் பக்கம் திருப்பியபடி.

"பதினாறப் பாக்காம எறங்கவா?" என்றார் ஃபாதர்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. தண்ணீர் பச்சையானது. படகு பின்பக்கத்தை உதறி எழுந்தது. பதிமூன்று, பதினான்கு. மணியம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பதினைந்து. ரோலண்ட் மகளின் தாளையும் வேகம் காட்டும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். பதினாறு புள்ளி இரண்டு.

"இதே மாதிரி இன்னொண்ணும் கட்டுங்க," என்றார் மணியம். ரோலண்ட் சுக்கானை மகள் கையில் கொடுத்தார்.

ஆற்றில் படகு திணறியதைக் கரையே பார்த்தது. கடலில் பறந்ததைப் பார்த்தவர்கள் நால்வர்தான். அதனால்தான் கடைகளில், மணியம் இரக்கப்பட்டு வாங்கினார் என்கிறார்கள். அப்படி இல்லை. படகு பதினாறு புள்ளி இரண்டு நாட் ஓடியது; அதற்காகவே வாங்கினார்.