சாப்பாட்டு நேரத்துச் செய்திகள்

எங்கள் ஊரில் என்னை 'டாக்டர்' என்பார்கள். ஊசி போடத் தெரியாது, மாத்திரை எழுதத் தெரியாது. குடிநீர்த் துறையில் கசிவு கண்டுபிடிப்பது என் வேலை. சாலைக்கு அடியில் நாலடி ஆழத்தில் ஓடும் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று மேலே நின்றபடியே சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் இருப்பது ஐந்தடி நீள இரும்புக் கம்பி ஒன்று. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையில் இருக்கும் மரக்குமிழில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நல்ல குழாய் பேசாது. உடைந்த குழாய் சீறும். அதைக் கேட்டுப் பழக ஐந்தாறு வருடம் ஆகும், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் குழாயில் கம்பியை எங்கே ஊன்றுவது? மற்றவர்கள் அடிக்கு அடி வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு பெரிய தெருவை முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது. வண்டியிலிருந்து இறங்கி ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். உள்ளே ஏதோ ஒன்று 'அதோ, அந்தப் பக்கம்' என்று சொல்லும். கால் தானாகப் போகும். ஊன்றிய இடத்தில் பத்துக்கு எட்டுத் தடவை தண்ணீர் சீறும். ஊரே வாயைப் பிளக்கும்.

ஒரு முறை செய்தித்தாளில் இருந்து ஒருவர் வந்து, இது எப்படி வருகிறது என்று கேட்டார். "பிறவியிலேயே வந்தது சார். சொல்லிக் குடுக்க முடியாது" என்றேன். அதை அப்படியே போட்டுவிட்டார்கள். என் மனைவி கத்தரித்து பீரோக் கதவில் ஒட்டி வைத்தாள். போகும்போதும் வரும்போதும் அதைப் படித்து எனக்குத் தலைக்கனம் ஏறியதுதான் மிச்சம்.

மனைவிக்குத் தபால் பட்டுவாடா வேலை. காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை ஊரின் பாதித் தெருக்களை நடந்தே அளப்பாள். சாயங்காலம் நான் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே உட்கார்ந்து தொடங்குவாள். தையல்கடைக்காரர் மகளுக்கு வேலை கிடைத்தது, பச்சை கேட் வீட்டுச் சுவரில் இந்த வெயிலிலும் பாசி பிடித்திருப்பது, பேக்கரி நாய் தினமும் ஒரே இடத்தில் வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுப்பது என்று தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் நாள் முழுக்கக் காதை வைத்துப் பிழைக்கிறவன். வீட்டிலாவது அதற்கு ஓய்வு வேண்டாமா? "ம்" என்பேன். சோறு உள்ளே போகும், பேச்சு வெளியே போகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்த மகளுக்குப் பிரசவம் என்று இந்த வருடம் அவள் ஒரு மாதம் விடுப்புப் போட்டு மகள் ஊருக்குப் போனாள். பேத்தி பிறந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது. உண்மையைச் சொன்னால், நான் இங்கே நிம்மதியாக இருந்தேன். தட்டில் விழும் கரண்டிச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அவள் போனில் கூப்பிட்டால், "குழந்தை நல்லா இருக்கா? சரி, நான் டியூட்டியில இருக்கேன்" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொள்வேன்.

முதல் இரண்டு வாரம் கசிவுப் புகார் எதுவும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. குழாயில் தண்ணீரின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த இயந்திரங்களுக்குத் தண்ணீர் ஒரே சீராக வர வேண்டுமாம். லாரித் தண்ணீரை வைத்து இரண்டு நாள் சமாளிப்பார்கள். அதற்குள் கசிவை அடைக்காவிட்டால் பதினோரு பேரை எண்பது கிலோமீட்டர் தள்ளி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதில் இரண்டு பேர் பயணத்தைத் தாங்குவது சந்தேகம் என்று நர்ஸ் சொன்னார்.

நான் வழக்கம்போல இறங்கி நின்றேன். ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே ஒன்றும் சொல்லவில்லை. கால் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது. சுற்றிலும் ஆட்கள் கடப்பாரையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போகிறதே என்று ஏதோ ஓரிடத்தில் கம்பியை ஊன்றினேன். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவில் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. "இங்க" என்றேன். தோண்டினார்கள். காய்ந்த மண்.

மறுநாள் மதியத்துக்குள் மூன்று பள்ளம். மூன்றும் வறட்சி. தோண்டும் ஆட்களில் மூத்தவர், பதினைந்து வருடமாக என்னோடு வருகிறவர், மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "டாக்டரே, இன்னைக்கு உங்களுக்கே உடம்பு சரியில்லையோ?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பதினோரு பேரில் ஒருவர். நான் கடக்கும்போதெல்லாம், "வந்துருச்சாப்பா?" என்று கேட்டார். மூன்றாம் தடவை அவரைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

காது போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அதே ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் ஓடினேன். அவர் ஹெட்போனை மாட்டி, பட்டனை அமுக்கச் சொல்லி, கடைசியில் காகிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "உங்க வயசுல இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்லைங்க. ஒரு குறையும் இல்ல."

காதில் குறை இல்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. பிறவியில் வந்தது வந்த வழியே போய்விட்டதா? வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பொறியாளர் மேடம் அப்போதுதான் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மூன்று பள்ளத்துக்கு மேலிடம் விளக்கம் கேட்டிருந்தது. சாலைத் துறை இன்னும் ஒரே ஒரு பள்ளத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது. விளக்கம் எழுதுவதற்காக, கசிவு கண்டுபிடித்த தேதிகளை நானே பத்தொன்பது வருடமாக எழுதி வரும் பதிவேட்டை எடுத்து வந்திருந்தார். திட்டு விழும் என்று தயாரானேன். அவர் திட்டவில்லை. என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை உங்களுக்கு இப்படி ஆயிருக்கு. இங்க பாருங்க, ஒம்பது வருஷம் முன்னாடி அஞ்சு வாரம் ஒண்ணுகூடக் கண்டுபிடிக்கல. அப்புறம் நாலு வருஷம் முன்னாடி ஆறு வாரம். இந்த மாசத்தை விட்டா, மத்தபடி ஒரு வாரம்கூட விட்டதில்ல. அப்பல்லாம் என்ன நடந்துச்சு? உடம்பு சரியில்லாம இருந்தீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நான் கல்லு மாதிரிதான் இருந்தேன்."

"வீட்ல ஏதாவது?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாமியார் படுக்கையில் விழுந்தபோது மனைவி அங்கே போய் ஐந்து வாரம் இருந்தாள். அதைச் சொன்னேன். சொல்லும்போதே என்னமோ செய்தது. சரி, அது தற்செயல், நாலு வருடத்துக்கு முன்னால் அவள் எங்கேயும் போகவில்லையே என்று மனதுக்குள் வாதாடினேன். எங்கேயும் போகவில்லை, உண்மைதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "கொஞ்சம் வாயை மூடேன், மனுஷன் சாப்பிட வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் மூடிவிட்டாள். ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து, ஆறு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் முகத்தில் ஈயாடவில்லை. பச்சை கேட் தெருவில் நான் கண்டுபிடித்த கசிவு நினைவுக்கு வந்தது. பாசி பிடித்த சுவருக்குக் கீழேதான் அது. பேக்கரி வாசலில் பிடித்தது, நாய் படுக்கிற குளிர்ந்த தரையில். உள்ளேயிருந்து ஒரு குரல் சொல்கிறது, சொல்கிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, அது யார் குரல் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தேனா? பீரோவில் ஒட்டியிருந்த காகிதத்தை நினைத்தபோது வெட்கத்தில் உடம்பு கூசியது. அதை ஒட்டியவளே அவள்.

எழுந்து வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, இந்த நேரத்துல? அடுப்பை அணைக்காம வந்துட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. நீ ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிப் பக்கம் தபால் குடுத்தியே, அங்க என்னென்ன பாத்த? சொல்லு."

"எதைச் சொல்லணும்?"

"எல்லாத்தையும். நீ எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லு."

சந்தேகத்தோடுதான் தொடங்கினாள். மருந்துக்கடையில் வேலைக்கு வந்திருக்கும் புதுப் பெண்ணுக்கு முகம் கொடுத்துப் பேசத் தெரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கடையை மாற்றப் போகிறாராம். பல் டாக்டர் வீட்டில் தபால்பெட்டிக்குள் குருவி கூடு கட்டிவிட்டது, அவர் தபாலைக் கையில் வாங்கிக்கொள்கிறார். "அப்புறம், கிளம்புற அவசரத்துல உங்ககிட்ட சொல்லவே விட்டுப்போச்சு, பின்பக்கச் சந்துல அந்தப் போட்டோ ஸ்டூடியோக்காரன், பாவம், புது ஷட்டர் போட்டு ஒரு மாசம்கூட ஆகல, அடிப்பக்கம் பூரா துரு. மழையே இல்ல, எப்படிப் பிடிக்குதுன்னு புலம்பினான். நான் தபாலைக் கீழ வழியா தள்ளினா ஓரமெல்லாம் நனைஞ்சு போகுதாம், எம்மேல சண்டைக்கு வரான்..."

என் கால் வண்டியை விட்டு இறங்கிவிட்டது. போன் எப்போது அணைந்தது என்று தெரியாது.

நாங்கள் தோண்டியதெல்லாம் முன்பக்கச் சாலையில். சந்தில் ஒரு பழைய கிளைக்குழாய் ஆஸ்பத்திரிக்குள் போகிறது, வரைபடத்தில்கூட மங்கிப்போன கோடு. ஸ்டூடியோ வாசலில் கம்பியை ஊன்றிக் காதை வைத்தேன். ஜெனரேட்டர் இரைச்சல் அங்கே எட்டவில்லை. குழாய் சீறியது. இவ்வளவு தெளிவாக ஒரு குழாய் சீறி நான் கேட்டதே இல்லை.

நாலாவது பள்ளத்தில் மூன்றாவது அடியிலேயே தண்ணீர் பீறிட்டது. ஆட்கள் கத்திய கத்தலில் சந்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மேடம் புடவையில் சேறு தெறித்ததைக்கூடப் பார்க்காமல் கைதட்டினார். ஐந்து மணிக்குள் குழாயை மாற்றி முடித்தோம். பெஞ்சில் இருந்த பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். "வந்துருச்சுங்க." அவர் என் சேற்றுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்" என்றார். எனக்கு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நன்றி முகவரி மாறி வந்த தபால். அதை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

வண்டிப் படியில் உட்கார்ந்து மறுபடியும் கூப்பிட்டேன். பதிவேட்டைச் சொன்னேன். ஐந்து வாரத்தைச் சொன்னேன். சண்டையையும் சொன்னேன். பாசியையும் நாயையும் சொன்னேன்.

"பேப்பர்ல நான் சொன்னது பொய். எனக்குப் பிறவியில ஒண்ணும் வரல. எல்லாம் நீ குடுத்தது. நான் வாங்கினதுகூடத் தெரியாம வாங்கியிருக்கேன். ரொம்ப நன்றிம்மா" என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் நன்றி அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் மெதுவாகப் பேசினாள்.

"நீங்க கேக்கறதில்லன்னு எனக்குத் தெரியும்ங்க. எத்தனையோ நாள் சோதிச்சுப் பாத்திருக்கேன். ஒரு கதையை நடுவுல அப்படியே நிறுத்திடுவேன். நிறுத்தினதுகூடத் தெரியாம சாப்பிட்டுட்டு இருப்பீங்க. சரி போகட்டும், வீடு ஊமையா கெடக்க வேண்டாமேன்னு நானே வேற எதையாவது ஆரம்பிப்பேன்."

அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், "இன்னைக்கு என்ன பாத்த?" என்று கேட்டேன்.

"இங்க பாக்க என்ன இருக்கு, உங்க பேத்திதான். காலையில ஜன்னல் ஓரமா படுக்க வச்சேன். வெளிச்சம் வர்ற பக்கமே பாத்துட்டு இருந்தா. பக்கத்து வீட்டம்மா உள்ள வந்தாங்க. வந்து, குழந்தையைக் குனிஞ்சு பாத்துட்டு..."

நிறுத்திவிட்டாள்.

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"குனிஞ்சு பாத்துட்டு? அப்புறம் என்ன சொன்னாங்க?"

மறுமுனையில் அவள் அழுகிற சத்தம் கேட்டது.