மேட்டுப்பாளையம் வரை இறங்கும் கோடு

அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தை அப்பா வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். துணி இல்லை, இடுக்கி இல்லை. "அப்பா, சுடுதுங்க!" என்று நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல. வலது கை விரல்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

விரல் மரத்துப்போவது அப்பாவுக்கு ஏற்றும் கீமோ மருந்தின் குணம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் டாக்டர் அதைக் கேட்பார். மரப்பு இருந்தால் அளவைக் குறைப்பார். அப்பா ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொல்லிவந்தார்.

"எப்ப இருந்துங்கப்பா இப்படி? ஏன் சொல்லல?"

"சொன்னா மருந்தக் கொறச்சுருவாங்கல்ல கண்ணு. அப்பறம் நீ போட்ட கோடு எறங்காதுல்ல."

நான் குன்னூர் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கீமோவின் அளவுக்குத் தகுந்தாற்போல் புற்றுச் செல்கள் எப்படிக் குறையும் என்று கணிக்கும் சமன்பாடுகள்தான் என் ஆராய்ச்சி. என் நேரம், அப்பாவுக்கே குடலில் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். பெரிய மேதாவி மாதிரி லேப்டாப்பைத் திறந்து, முழு அளவு கொடுத்தால் இந்தக் கோடு, குறைத்தால் அந்தக் கோடு என்று அவருக்குக் காட்டினேன். அருவங்காட்டு வெடிமருந்து பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்; அளவு பிசகினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் கோட்டைக் குன்னூரிலிருந்து அடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையாக்கிக்கொண்டார். "இப்ப பர்லியாறு தாண்டிருச்சா கண்ணு? மேட்டுப்பாளையம் போயிட்டா முடிஞ்சுது" என்பார். அந்தக் கோட்டில் விரல்களுக்கு நான் இடம் வைக்கவில்லை.

மறுநாள் அடுத்த ஊசிக்குப் பஸ்ஸில் மலையிறங்கினோம். வழியெல்லாம் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குறைத்தால் கோடு ஏறும். குறைக்காவிட்டால் கை போகும். இரண்டும் தெரிந்திருந்தும் மனதில் எதுவுமே ஓடவில்லை. பர்லியாறு வந்ததும் அப்பா என் தோளைத் தட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவைத் திறந்தார். "கை கால்ல மரமரப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அந்தப் புழுக்கத்திலும் கழற்றாத ஸ்வெட்டருக்குள் அப்பா கொப்புளம் போட்ட வலது கையை இழுத்துக்கொண்டார். இடது கை மேசைக்குக் கீழே மடியில் இருந்தது. நான் அதன் விரல்களைப் பிடித்தேன். அழுத்தினேன். நகம் பதிய அழுத்தினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அப்பா, டாக்டரைப் பார்த்துச் சிரித்தபடி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். மேசைக்குக் கீழே என் நகத் தடங்களோடு அப்பாவின் விரல்கள் அப்படியே கிடந்தன.