மஞ்சள் பூசிய தூண்கள்

பர்மாவில், மிங்கலாடோனில் ஊ தெயின் சாராயக்கடை கட்டுகிறார். பஸ் கம்பெனி நடத்துகிற பர்மாக்காரர். இங்கிலாந்தில் ஏதோ கிராமத்தில் பழைய கடையொன்றில் உட்கார்ந்து குடித்திருக்கிறார். அதே மாதிரி வேண்டுமாம். தலை இடிக்கிற உயரத்தில் உத்திரம், கறுப்பு மரச்சட்டம், நடுநடுவே வெள்ளைச் சுவர். பக்கத்தில் வண்டியோடு நுழைகிற அளவு கதவு வைத்த தானியக் கொட்டகை. அதில் கல்யாணம் நடத்துவாராம்.

இன்று கடையின் சட்டம் நிமிர்ந்தால்தான் கொட்டகை வேலையும் சிவராஜ் மேஸ்திரிக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். சாயங்காலம் வந்து பார்ப்பதாக ஊ தெயின் சொல்லியிருந்தார்.

மரமெல்லாம் போட்டாதாங்கில் இடித்த கிடங்கின் தேக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் முறுக்கியிருக்கும். அதனால் ஒன்றின் முனையை இன்னொன்றின் துளைக்கென்றே பார்த்துச் செதுக்கி, எது எதற்குள் போகும் என்று தச்சன் ஜோஸ் சாக்பீஸால் குறி போட்டிருந்தான்.

காலையில் மேஸ்திரி பெண்டாட்டி கனகாம்பாள் பூசை போட வந்தாள். சுவர்ப் பூச்சு வேலைக்காரி. அழுக்கு மரத்தை நிமிர்த்தலாமா? தண்ணீர் விட்டுத் துடைத்து, முனைக்கு முனை மஞ்சள் தடவிப் பொட்டும் வைத்துவிட்டாள்.

"அக்கா, குறியெல்லாம் எங்க?" என்றான் ஜோஸ்.

"கிறுக்கித் தள்ளியிருந்துச்சு, தொடச்சேன்."

"மாதாவே!"

"உங்க மாதாவும் சுத்தமா இருக்கத்தான் சொல்லுவா."

சிவராஜுக்குக் கோபப்படவும் நேரமில்லை. தூக்கினார்கள், சொருகினார்கள், பிடுங்கினார்கள். கனகாம்பாளும் தோள் கொடுத்தாள்.

"மாப்பிள்ள பாக்குற மாதிரியில்ல இருக்கு," என்றான் கூடத் தூக்கிய முரளிதரன். "இவன் தடியன். அடுத்தவனக் கூப்பிடு."

மத்தியானம் வரை பாதிகூடச் சேரவில்லை. அப்போதுதான் கனகாம்பாள் சேராத ஒரு துளைக்குள் எட்டிப் பார்த்தாள். ஈர மஞ்சள் ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தது. சேர்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், துளையில் நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. பிறகு அடித்து இறக்கிப் பார்க்கிற வேலை குறைந்தது. லேசாகச் சொருகி, மஞ்சளைப் பார்த்து, ஆகுமா ஆகாதா என்று அவளே சொன்னாள்.

"நான் பூசலன்னா எப்படிடா கண்டுபிடிப்பீங்க?"

"நீ பூசலன்னா தேடவே வேணாமேக்கா!" என்றான் ஜோஸ்.

கயிறு கட்டி, கத்திக்கொண்டே இழுத்தார்கள். சட்டம் எழுந்து நின்றது. மர ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஊ தெயின் வந்துவிட்டார். குனிந்து உள்ளே போனார். ஒரு தூணை உலுக்கினார். அசையவில்லை.

"மஞ்சள் நல்லாயிருக்கே. கொட்டகைக்கும் பூசுவீங்களா?" என்று பர்மியில் கேட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. சிவராஜ் இளித்தான்.

"பூசலாம் சயா," என்று ஜோஸ் மரியாதையாக முந்திக்கொண்டான். "நிமிந்த பொறவு."

கனகாம்பாள் திரும்பினாள். "முன்னாடிதான் பூசுவேன். நீ இந்தத் தடவ குறிய உளியால வெட்டு."