அத்தாயி வீட்டுச் சாப்பாடு

வாசலூர்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஊருக்குத் திரும்ப நின்ற ஒரு சேலத்துப் பெண் போனில் பேசியது ராமாயியின் காதில் விழுந்திருக்கவே கூடாது.

"கொல்லிமலைக்கு வந்தா அத்தாயி வீட்டுச் சாப்பாட்ட மட்டும் விட்டுடாதடி. பலாக்கொட்டையும் மொச்சையும் போட்டு ஒரு குழம்பு, அடடா!"

ராமாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குழம்பை வைத்தவள் ராமாயி. அத்தாயி அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரிந்தாலே பெரிய விஷயம்.

இதற்கெல்லாம் காரணம் ஜீப் ஓட்டும் அர்த்தனாரி. முன்பெல்லாம் ஏரிப்பக்கம் வெளியூர் வண்டி வந்து நின்றால் போதும், ஊரே ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொள்ளும். எங்க ஊட்டுக்கு வாங்க, எங்க கடைக்கு வாங்க என்று ஆளாளுக்கு இழுத்ததில் வந்தவர்கள் மிரண்டு, கொண்டுவந்த பொட்டலத்தைத் தின்று, பாட்டிலை ஏரியில் எறிந்துவிட்டு மலையிறங்கிவிடுவார்கள். அர்த்தனாரிதான் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினான். ஆளுக்கொரு வேலை, அடுத்தவர் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முடிவானது. ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்பதால் தங்குவது அத்தாயி வீட்டில். மிளகும் தேனும் தனபால் கடையில். சமையல் மேட்டிலிருக்கும் ராமாயி அடுப்பில். சாமைச் சோறும் குழம்பும் தூக்குப் போசியில் ஜீப் ஏறிப் போகும். அத்தாயி வாழை இலை போட்டுப் பரிமாறுவாள்.

ஏரியில் பாட்டில் மிதப்பது நின்றது. வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். எல்லோருக்கும் பிழைப்பு நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அடுப்படியில் வேகிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி என்றால் எந்த மனுஷிக்குத்தான் பொறுக்கும்?

அன்றைக்கே அர்த்தனாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, எந்த ஊட்டுல சாப்புட்டாங்களோ அந்த ஊட்டுப் பேரத்தான சொல்லுவாங்க? இதுக்குப் போயி கோவிச்சுக்கிறீங்களே" என்று அவன் சிரித்தான்.

"நீ ஓட்டற ஜீப்ப தனபால் ஓட்டறான்னு சொன்னா நீ சிரிப்பியா?"

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அத்தாயி என்ன செய்தாலும் ராமாயிக்குக் குற்றமாகவே பட்டது. புதுச் சேலை கட்டினால் மினுக்குகிறாள். வந்தவர்களோடு போட்டோவுக்கு நின்றால் தளுக்குகிறாள். "அக்கா, இன்னைக்குக் குழம்பு அமிர்தம்னு சொன்னாங்க" என்று அவள் ஓடிவந்து சொன்னால், அதையும் குத்திக்காட்டுவதாகவே ராமாயி எடுத்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் கோயமுத்தூரிலிருந்து சுற்றுலா கூட்டிவரும் கம்பெனிக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் மாதாமாதம் ஆட்களை அனுப்புவார்கள். தனபால் கடைக்கு வெள்ளையடித்தான். அத்தாயி மெத்தைகளை வெயிலில் போட்டாள். ராமாயி மட்டும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, இவர்களும் அத்தாயி பேரைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று புழுங்கினாள்.

ராமாயி ஒருநாளும் உப்புப் பார்க்கக் குழம்பை நாக்கில் வைத்ததில்லை. அவள் கை அளவு தப்பாது என்பது அந்த மலைக்கே தெரியும். அவர்கள் வரும் நாளன்று குழம்பு கொதித்து அடங்கியதும் உப்பை அளவாகப் போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள். அத்தாயி வீட்டுச் சாப்பாடு என்றுதானே சொல்கிறார்கள், இப்போது சொல்லட்டும். அர்த்தனாரி வந்து கேட்டால், அத்தாயிதான் பத்தாதென்று மேலும் உப்பைப் போட்டிருப்பாள் என்று சொல்லிவிட்டால் போயிற்று.

ஜீப் சத்தம் கேட்டது. போசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜீப் நிறைய ஆட்கள். முன்னால் குதித்து இறங்கியவள் அத்தாயி.

"அக்கா, சமைக்கிறது நானில்ல, எங்கக்காங்கன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. யாரும் காதுல வாங்கறதில்ல. அதான் இன்னைக்கு இங்கயே கூட்டியாந்துட்டேன். உங்க கையாலயே போடுங்க."

ராமாயி அவளை ஓரமாக இழுத்தாள். "குழம்பு கொட்டிப்போச்சுன்னு சொல்லிரு" என்றாள் தணிந்த குரலில். கையில் போசி நிறையக் குழம்பு இருந்தது. அத்தாயி அவள் முகத்தைப் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. மறுபடி ராமாயியைப் பார்த்தாள். ராமாயி வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தாயி போசியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைப் பிசைந்து குழம்பில் போட்டாள். இலைக்கு இலை தயிரையும் தாராளமாக ஊற்றினாள். அப்படியும் உப்பு அடங்கவில்லை. கம்பெனியின் மூத்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார்.

"மன்னிச்சுக்கங்க. அக்கா கைக்கு உப்பு தப்பவே தப்பாதுங்க. நாந்தான் பத்தாதுன்னு நெனச்சு ஒரு பிடி அள்ளிப் போட்டுட்டேன்" என்றாள் அத்தாயி.

"அடுத்தவங்க வேலையில கை வெக்கக் கூடாதுன்னு பேசியிருக்கோமில்ல?" என்று எல்லோர் முன்னாலும் அர்த்தனாரி சத்தம் போட்டான். அத்தாயி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "விடுங்க. தப்ப இப்படி ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்." பிறகு ராமாயியிடம், "அடுத்த மாசம் ஆட்களோட வர்றோம். சாப்பாடு இங்கேயே, உங்க கையால. பேரு ராமாயியா? எங்க ஆளுங்க கிட்ட அந்தப் பேரத்தான் சொல்லப்போறேன்" என்றார்.

ராமாயி கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் புறப்படும்போது அந்த அம்மா அத்தாயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுதான் விடைபெற்றார். தங்கமான மனசு என்றார்.

ராமாயிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அவள் சொல்லலாம் என்று வைத்திருந்த பொய்யைக்கூட அத்தாயி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாளே! உப்பைப் போட்டவள் நான்தான் என்று கத்திவிட வாய்வரை வந்தது. கத்தினால், அத்தாயி இன்னும் நல்லவள் ஆகிவிடுவாள்.

வாயை மூடிக்கொண்டு எச்சில் இலைகளை எடுக்க ஆரம்பித்தாள். அத்தாயியும் வந்து பக்கத்தில் குனிந்தாள்.