துரைசாமியின் மூன்றாவது பரீட்சை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் தீவின் ட்ரியோலே ஊருக்கு அப்பால் ஒரு புல்வெளியில் ஒரே ஒரு விமானம் இருந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் சிலர் சேர்ந்து வாங்கியது. அதை ஓட்டத் தெரிந்தவர் லிண்ட்சே துரை. அதன் என்ஜினை ஓடவைக்கத் தெரிந்தவன் துரைசாமி. இருபது வருஷம் கரும்பாலையில் பிட்டராக இருந்தவன். காதால் கேட்டே எந்த இரும்புக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். லிண்ட்சே துரை கூப்பிட்டார் என்று ஆலை வேலையை விட்டுவிட்டு விமானக் கொட்டகைக்கு வந்தான். அவன் விட்ட இடத்தில் மறுநாளே வேறு ஆள் நின்றான்.

பிறகு தீவின் தலைநகரான போர்ட் லூயிஸிலிருந்து சட்டம் வந்தது. விமானத்தைத் தொடுகிறவனுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இருந்தாலும், வருஷத்தில் ஆறு மாதம் விமானத்தில் வேலை செய்திராவிட்டால் மறுபடி பரீட்சை. நல்ல சட்டம்தான், விமானங்கள் நிறைய இருக்கிற ஊருக்கு. இங்கே கரும்பு வெட்டு முடியும்வரை முதலாளிகளுக்குப் பறக்க நேரமில்லை. அது முடிந்தால் புயல் காலம். இறக்கையைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் எங்கிருந்து சேரும்? லிண்ட்சே துரை வாங்கிக் கொடுத்த முதல் சான்றிதழ், துரைசாமியின் தகரப் பெட்டிக்குள் மடித்தது மடித்தபடியே காலாவதியாகிவிட்டது.

பரீட்சை அதிகாரியின் பெயர் க்ளெமான். அதற்கு முன்பு மாட்டு வண்டிகளுக்கு எண் தகடு அடித்துக்கொண்டிருந்தவர். விமானச் சான்றிதழைத் தமக்குத் தாமே எழுதிக்கொண்டார். அவரைப் பரீட்சை செய்யத் தகுதியுள்ள ஆள் தீவிலேயே இல்லையாம்! அவரிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை.

“என்ஜின் கிளம்பவில்லை. முதலில் என்ன செய்வாய்?” என்று முதல் மறுபரீட்சையில் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்.

“பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன், மிசியே.”

க்ளெமான் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினார். “தவறு. உரிய கையேட்டைப் பார்க்க வேண்டும்.”

அத்தோடு பரீட்சை முடிந்தது. அடுத்த தடவை வந்தபோது என்ஜின் மூடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆலையில் கரும்பு வெட்டுத் தொடங்கும் நாளில் இயந்திரங்களுக்குப் பொட்டு வைப்பதுதான் வழக்கம். துரைசாமி அதை விமானத்துக்கும் வைத்தான். க்ளெமான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ‘அனுமதியற்ற வண்ணப்பூச்சு’ என்று எழுதினார்.

“அழி அதை. மூன்றாவது தடவையும் தோற்றால் இந்தக் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது.”

வீட்டில் மனைவி பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஆலையிலயும் எடம் போச்சு. இதுவும் போனா அடுத்தவன் காட்டுல கரும்பு வெட்டித்தான் சாப்பிடணும். உனக்கு இந்த வயசுல கத்தி பிடிக்கிற முதுகா இருக்கு?” துரைசாமிக்குச் சோறு இறங்கவில்லை. பயந்துதான் போயிருந்தான்.

இதற்கிடையில், வெளித்தீவிலிருந்து பெரிய மனிதர்கள் விமானம் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. என்ஜினைப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாதவன் தொடுவது யார் கண்ணிலும் படாதபடி கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு துரைசாமி மூன்று நாள் வேலை செய்தான். க்ளெமான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மாம்பழம் தின்றார். கடைசியில், ‘என் கையால் பழுது பார்க்கப்பட்டது’ என்று ஒரு காகிதத்தில் எழுதி, வால் நீண்ட கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புல்வெளி நிறையத் தொப்பிகள், குடைகள். லிண்ட்சே துரை காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“நல்லது, க்ளெமான். ஏறுங்கள்.”

“நானா? எதற்கு?”

“பழுது பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவர் முதல் ஓட்டத்தில் கூட வர வேண்டும். ஓட்டிகளாகிய எங்கள் வழக்கம் அது.”

க்ளெமான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். இடுப்பில் வார் பூட்டினார்கள். லிண்ட்சே துரை முன்னால் ஏறி உட்கார்ந்து, “சுற்று!” என்று கத்தினார்.

விமானத்தின் மூக்கிலிருக்கும் விசிறியைக் கையால் சுற்றிவிட்டால்தான் என்ஜின் உயிர் பெறும். சுற்றத் தெரியாதவன் சுற்றினால் கை போய்விடும். துரைசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“சான்றிதழ் இல்லாதவன் தொடக் கூடாதே, துரை. இத்தன பேரு பாக்குறாங்க.”

“ஆமாம், ஆமாம்! சட்டம் சட்டம்தான்!” என்று க்ளெமான் வாரை அவிழ்க்கத் தொடங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

லிண்ட்சே துரை திரும்பினார். “சான்றிதழ் உள்ளவர் தீவிலேயே நீங்கள் ஒருவர்தான். இறங்கி நீங்களே சுற்றுங்கள். இல்லையென்றால் அவனுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்.”

க்ளெமான் விசிறியைப் பார்த்தார். பிறகு தம்முடைய வலது கையைப் பார்த்தார். பேனாவை எடுத்து, முழங்கால்மேல் வைத்து எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

துரைசாமி அதை எழுத்தெழுத்தாகப் படித்தான். மூன்றாவது பரீட்சையில் தேர்ச்சி. நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

“கேள்வியே கேக்கலியே, மிசியே. பரீட்சைன்னா ஒரு கேள்வியாவது வேணாமா?”

க்ளெமான் என்ஜின் மூடியை எட்டிப் பார்த்தார். “அந்தச் சிவப்புப் பொட்டு எங்கே?”

“நீங்க சொன்னீங்கன்னு அழிச்சிட்டேன்.”

“துரைசாமி... இது பத்திரமாகத் திரும்பி வருமா?”

வரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு திருகும் அவன் கை முறுக்கியது. இருந்தாலும், விசிறியைப் பிடித்துக்கொண்டு மிகப் பணிவாகச் சொன்னான்:

“உரிய கையேட்டைப் பார்க்க வேண்டும், மிசியே.”

சொல்லிவிட்டுச் சுற்றிவிட்டான்.