ஒரே சாரத்தில் உடைந்த இரண்டு மண்டைகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பொறுமையாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பாப்பிரஸ் சுருளின் முதல் வரி, வைத்தியர் உசெர்ஹத் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

‘மண்டை பிளந்த ஒருவனைச் சோதிக்கும்போது, காயத்தை விரலால் தடவி…’

இல்லை. ‘ஒருவன்’ என்று தொடங்கினாலே பொய். விழுந்தது இரண்டு பேர்.

2

நைல் கரைத் தீப்ஸ் நகரில், கோயில் சுவருக்குக் கல் ஏற்றும்போது சாரம் சரிந்தது. மேற்பார்வையாளரின் தங்கை மகன் ஹோரிக்கும், கல் இழுக்கும் சென்பிக்கும் நெற்றிக்கு மேலே ஒரே மாதிரிப் பிளவு. (மருத்துவச் சுருள்களைப் படியெடுத்தே முதுகு வளைந்தவன் நான். காயம் பார்க்கத் தெரியும்.) வைத்தியம் பார்ப்பதா, விட்டுவிடுவதா என்று பார்த்தவுடன் வைத்தியர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்பது முறை.

ஹோரிக்கு: “இதோட போராடிப் பாக்குறேன்.”

சென்பிக்கு: “கை வைக்கக் கூடாத நோய்.”

ஹோரிக்குப் பச்சை இறைச்சி வைத்துக் கட்டினார்கள். பிறகு தேனும் கொழுப்பும். சென்பிக்கு வெயில்.

3

மறுநாள் சென்பி கண் திறந்தான். “தமீத், பீர் இருக்கா?” என்று மனைவியைக் கேட்டான். அவள் வைத்தியர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஐயா, பேசுறாரு! பீர் கேக்குறாரு! ஒரு கட்டு மட்டும் போட்டு விடுங்க.”

“சொன்ன சொல்ல மாத்தக் கூடாதும்மா. அப்புறம் அவன் செத்தா பழி என் தலையில விழும்.”

“உங்க தலை நல்லாத்தானே இருக்கு? உடைஞ்சது அவரு தலை!”

வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தமீத் தேன் பானையைத் தூக்கிக்கொண்டாள். நான் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். அவளே கட்டுப் போட்டாள்.

[இங்கே ‘அஞ்சாத பெண்’ என்று எழுதி அடித்துவிட்டேன். நன்றாகவே அஞ்சினாள். தேன் அவள் முழங்கை வரை சிந்தியது.]

4

சென்பி பிழைத்ததாக ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அழகான முடிவு. கிழித்துப் போட்டேன். காய்ச்சல் கண்டு அவன் இறந்துபோனான். ஹோரி எழுந்து நடக்கிறான். நல்ல பையன், அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

இன்று உசெர்ஹத் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“கடைசி வரி எழுதுய்யா. ‘பெண்டாட்டி கை வைத்ததால் செத்தான்.’”

“நீங்க கட்டாம விட்டது?”

“அதையெல்லாம் யாரு கேக்கப் போறா? எழுது.”

நாளை வைத்தியம் படிக்க வருகிறவர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்வார்கள். எங்களுடைய எலும்புகள் மண்ணான பிறகும் தமீத் தன் புருஷனைக் கொன்றுகொண்டே இருப்பாள்!

5

நாணல் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். உசெர்ஹத் வேறு எழுத்தரைத் தேடுகிறார். தமீத் வாசலில் நிற்கிறாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“அவரப் பத்தி என்னய்யா எழுதிருக்கு?”

இடம் காலியாகத்தான் இருக்கிறது. எழுதப் போவது நீங்கள்தான் என்றால் உட்காருங்கள். எழுதி முடித்ததும், அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.