மோவாய்க்குழி

இருதயம்மாள் கையில் பிள்ளையைக் கொடுத்தால் தீர்ப்பு வந்துவிடும். நெற்றி யாருடையது, காது யாருடையது என்று பங்கு பிரித்துவிடுவாள். பாபநாசத்தில் அந்தக் குடும்பத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் சொன்னதுதான் ஜாடை. குழந்தை ஆஷ்லினின் ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து வந்த கூட்டம், பிரியாணி வேகும் வரை வேறு வேலையில்லாமல் அவளைச் சுற்றி உட்கார்ந்தது.

ஜூலியட் சுவரோரம் நின்றாள். ஆஷ்லின் அவள் பெற்ற பிள்ளை. ஆனால் கருமுட்டை அவளுடையது அல்ல. வேறொரு பெண்ணின் முட்டையைப் புருஷன் அருள்பிரகாஷின் விந்தணுவோடு சேர்த்து ஜூலியட்டின் கருப்பையில் வைத்தார்கள். அந்தப் பெண் யாரென்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். விஷயம் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் மட்டும்தான் தெரியும்.

"காது நம்ம அருளு காது. மூக்கு ஜூலியட்டுது, அச்சு" என்றாள் இருதயம்மாள், அருள்பிரகாஷின் பெரியம்மா.

"அப்ப மழைக்காலம் முழுக்க ஒழுகும்" என்றான் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். ஜூலியட்டும் சிரித்து வைத்தாள். பங்கு விழ விழ, திருட்டுச் சாமானைக் கைநீட்டி வாங்குவதுபோல இருந்தது அவளுக்கு.

அருள்பிரகாஷ் கட்டட சூப்பர்வைசர். அவள் மாசமாக இருந்தபோது தனக்குத் தெரிந்த வழியில் தேற்றினான். "பிளான் யாரோ போட்டதுதான். பிளான் வீடாயிடுமா? நம்ம களிமண்ணுல அஸ்திவாரம் எவ்வளவு போவணும்னு பேப்பர்லயா இருக்கு? தோண்டுனாத்தான் தெரியும்." டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார். மரபணுவில் தகவல் இருக்கிறது. அதில் எது எப்போது வேலை செய்யும் என்பதில் சுமக்கிற உடம்புக்கும் பங்குண்டு.

"பங்குன்னா எவ்வளவு டாக்டர்?"

"அப்படியெல்லாம் பிரிக்க முடியாதும்மா."

பிரிக்க முடியாததைத்தான் கூடத்தில் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இருதயம்மாளின் விரல் பிள்ளையின் மோவாயில் நின்றது. நடுவில் சின்னக் குழி. "இது யாருது?"

"சூசை சித்தப்பாவுக்கு இருந்துச்சே?"

"அது மாடு முட்டுன தழும்புடா. ஏன்டி ஜூலியட், உங்க வீட்ல யாருக்காச்சும் இருக்கா?"

"இல்லைங்க பெரியம்மா."

பிள்ளை அழுதது. ஜூலியட் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்ப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். இருதயம்மாள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"செத்தவங்க மூஞ்சியெல்லாம்கூட நெனச்சுப் பாத்துட்டேன். ஒருத்தருக்கும் இல்ல. காது அருளுதுதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. இது எங்கேருந்து வந்துச்சு?"

ஜூலியட்டுக்கு அலுத்துவிட்டது. சொல்லிவிட்டாள்.

இருதயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "வாந்தி எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அப்புறம் என்னடி?"

"அந்தக் குழியை நான் குடுக்கலையே பெரியம்மா."

"நான் மட்டும் எம் புள்ளைங்களுக்கு உக்காந்து மூக்கு செதுக்குனேனா? பாதி நேரம் தூங்கிக்கிட்டுக் கெடந்தேன்." கிழவி எழுந்தாள். "சரி, எங்க ஆத்தாளுக்கு இந்தக் குழி இருந்துச்சுன்னு சொல்லிடறேன். அவளைப் பாத்தவங்க ஒருத்தரும் உசுரோட இல்ல. இதோட முடிஞ்சுது."

முடிந்துவிடும்தான். இருதயம்மாள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஜூலியட் தலையாட்டத்தான் போனாள். மடியில் அந்தக் குழி அசைந்து அசைந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒருத்தி முட்டை கொடுக்க ஊசி குத்திக்கொண்டதால் வந்த குழி.

"வேணாங்க பெரியம்மா. இவ பெரியவளானதும் நான்தான் இவகிட்ட சொல்லணும். அதுக்குள்ள நீங்க அதை வேற யாருக்காச்சும் பட்டா போட்டுக் குடுத்துட்டா, நான் சொல்றதை நம்பமாட்டா."

இருதயம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு போனாள்.

"என்ன பெரியம்மா, குழி யாருது? கண்டுபிடிச்சாச்சா?" கொழுந்தனின் குரல்.

"தெரியலடா."

"உங்களுக்கேவா!"

"தெரியலன்னா தெரியல. போ, போயி இலையைப் போடு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஜூலியட் பிள்ளையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.